குளிர்ந்த மீன், உறைந்த தாய்

மனம்விட்டுப் பழகாத ஒருவரைச் சுட்ட ஆங்கிலத்தில் ஏராளமான தொடர்கள் இருக்கின்றன. 'கோல்ட் ஃபிஷ்' என்றால் குளிர்ந்த மீன். 'ஐஸ் குயின்' என்றால் பனி அரசி. 'ஃப்ரிஜிட்' என்றால் உறைந்து கிடப்பவள். 'ஸ்டிஃப் அப்பர் லிப்' என்றால் விறைத்த மேலுதடு. 'ஸ்ட்ராங் சைலண்ட் டைப்' என்றால் அதிகம் பேசாத, உறுதியான ஆள். 'அலூஃப்' என்றால் ஒதுங்கி நிற்பவர். என் தமிழ் இலக்கிய வகுப்பில்கூட மாணவிகள் ஒரு கதையின் நாயகியைப் பற்றி, "அவ ரொம்ப கோல்டு, மேம்" என்கிறார்கள். நாயகனும் அதே கதையில் யாரிடமும் வாய்திறப்பதில்லை. அவனைப் பற்றிக் கேட்டால், "அவன் ரொம்ப ரிசர்வ்டு" என்று பதில் வருகிறது.

மாணவிகளின் காது மிகச் சரியாகவே கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தத் தொடர்கள் இரண்டு வரிசையாகத்தான் நிற்கின்றன. ஆணுக்கு உரியவை பெரும்பாலும் அவன் எப்படி நிற்கிறான், என்ன செய்கிறான் என்பதைச் சொல்பவை. உதட்டை விறைப்பாக வைத்துக்கொள்கிறான், பேசாமல் இருக்கிறான், விலகி நிற்கிறான். 'அலூஃப்' என்பதே கப்பலில் பிறந்த சொல். கரையில் மோதிவிடாமல் காற்றின் பக்கமாகக் கப்பலைத் திருப்பச் சொல்லிச் சுக்கான் பிடிப்பவனுக்கு இடும் கட்டளையிலிருந்து அது வந்தது. அதில் திறமை இருக்கிறது, விழிப்பு இருக்கிறது. பெண்ணுக்கு உரியவை அவளுடைய வெப்பநிலையைச் சொல்பவை. அவள் பனி, அவள் உறைந்தவள், அவள் மீன். உதட்டை விறைத்தவன் நினைத்தால் தளர்த்திக்கொள்ளலாம். உடலே பனியாக இருப்பவள் என்ன செய்ய முடியும்?

இந்த எல்லை எல்லா இடத்திலும் கறாராக இல்லை. குளிர்ந்த மீன் என்று இன்று ஆண்களையும் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சொற்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் ஒன்று தெளிவாகிறது. எந்தச் சொல்லும் தானாகக் குளிரவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு புகார்தாரர் நிற்கிறார். தனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்கிறார். புகார்தாரர் மாறும்போதெல்லாம் குளிர் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

முதலில் நம் மொழிக்குள் நின்று ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். அன்பு என்றால் சூடு, அன்பின்மை என்றால் குளிர் என்பது மனித இயற்கை அல்ல. நாம் மனம் குளிரச் சிரிக்கிறோம், கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். அரசனின் கருணைக்குத் தண்ணளி என்று பெயர் வைத்தவர்கள் நாம். நமக்குச் சூடு கோபம். அன்பில்லாதவரை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்போம், கல்நெஞ்சம் என்போம். வள்ளுவரிடமும் ஈரம் என்பது அன்புதான். வெயில் காயும் நிலத்தில் ஈரமும் தண்மையும் அன்பாகின்றன, பனி பெய்யும் நிலத்தில் அடுப்பின் கதகதப்பு அன்பாகிறது என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தட்பவெப்பம் உவமையைத்தான் தரும். அந்த உவமையை யார்மேல் ஏற்றுவது என்பதை அது முடிவு செய்வதில்லை. நம்மிடமும் 'அழுத்தமான ஆள்' என்பது ஆணுக்குப் பாதி பாராட்டு. 'நெஞ்சழுத்தக்காரி' என்பது பெண்ணுக்கு முழு வசை.

ஐரோப்பாவில் பெண்ணைக் குளிரோடு இணைத்தவர்கள் பழைய கிரேக்க மருத்துவர்கள். உடலில் இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் ஓடுவதாக அவர்கள் நம்பினார்கள். கோழை குளிர்ச்சியும் ஈரமும் உள்ளது. அது மிகுந்தவர் அசைந்துகொடுக்க மாட்டார். உணர்ச்சி காட்டாதவரை ஆங்கிலத்தில் இன்றும் 'ஃப்ளெக்மாட்டிக்' என்பது அந்தக் கோழையின் மிச்சம். பெண்ணுடல் ஆணுடலைவிடக் குளிர்ந்தது என்றார் அரிஸ்டாட்டில். போதிய வெப்பம் இல்லாததால்தான் பெண்ணின் பிறப்புறுப்புகள் வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிட்டன என்று விளக்கினார் கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலன். வெப்பம் முழுமை, குளிர் குறை. ஆகவே ஆண் முழுமை, பெண் குறை.

வேடிக்கை என்னவென்றால், இப்படி உடலால் குளிர்ந்தவள் என்று வகுக்கப்பட்ட அதே பெண்ணைத்தான் இடைக்கால ஐரோப்பா அடங்காத காமம் கொண்டவள் என்றும் சொன்னது. சூனியக்காரிகளை வேட்டையாடுவதற்காக 1480களில் எழுதப்பட்ட கையேடு, எல்லாச் சூனியத்துக்கும் மூலம் பெண்ணின் தீராத காமமே என்றது. குளிர்ந்தவள், ஆனால் கொதிப்பவள். தர்க்கம் இடித்ததாக யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு சொற்களும் இரண்டு வேறு தேவைகளுக்குப் பயன்பட்டன, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தக் காலத்தில் 'ஃப்ரிஜிட்' யார்? பதில் இன்றைய வாசகிக்கு வியப்பாக இருக்கும். ஆண்தான்.

1234இல் போப் ஒன்பதாம் கிரெகரி தொகுத்து வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தில், திருமணம் பற்றிய பகுதியில், குளிர்ந்தவர்களுக்கும் செய்வினைக்கு ஆளானவர்களுக்கும் என்று ஒரு தலைப்பே இருக்கிறது. 'குளிர்ச்சி' என்று பொருள்படும் லத்தீன் சொல் அங்கே பெரும்பாலும் ஆணின் இயலாமையைக் குறித்தது. கணவனால் உடலுறவு கொள்ள முடியவில்லை என்றால் திருமணம் செல்லாது என்று மனைவி கேட்கலாம். பொதுவாக மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து முயன்று பார்க்க வேண்டும். அதன்பிறகும் பலனில்லை என்றால் வழக்கு. இங்கிலாந்தின் யார்க் நகரத் திருச்சபை நீதிமன்றத்தின் 15ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இத்தகைய வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. கணவனைச் சோதித்துப் பார்க்க நீதிமன்றமே பெண்களை அமர்த்தியது. ஒரு வழக்கில் அப்படி அமர்த்தப்பட்ட பெண், தன் கைகளை நெருப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு அந்த ஆளைத் தொட்டுத் தூண்ட முயன்றதாகச் சாட்சியம் இருக்கிறது. அவன் அசையவில்லை என்பதுதான் சாட்சியின் சாரம்.

ஒரு மனிதனின் உடலை இப்படிச் சோதித்ததைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் அவனுக்கு நேர்ந்த அவமானம் நிஜமானது. நான் கவனிப்பது அந்தச் சொல்லின் இலக்கணத்தை. 'குளிர்ந்தவர்' என்பது அன்று ஒரு மனைவி கொண்டுவரக்கூடிய புகார். அதற்கு ஒரு கால அளவு இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், ஒரு தீர்ப்பு இருந்தது. தீர்ப்பு வந்தால் அவள் வெளியேறலாம். உரிமைகள் மிகக் குறைவாக இருந்த ஒரு காலத்தில், அந்தச் சொல் ஒரு பெண்ணுக்குக் கதவாக இருந்தது.

கதவு அவள்மேலேயே சாத்தப்படும் ஓசையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்கலாம். ஷேக்ஸ்பியரின் 'தி விண்டர்ஸ் டேல்' நாடகம் 1611இல் லண்டன் குளோப் அரங்கில் நடந்தது. அதில் ஆட்டோலிகஸ் என்றொரு ஊர்சுற்றி வியாபாரி வருகிறான், திருடனும்கூட. அவன் ஆடு மேய்க்கும் பெண்களிடம் அச்சடித்த கதைப்பாடல்களை விற்கிறான். அவற்றில் ஒன்று, ஏப்ரல் 80ஆம் தேதி கடற்கரையில் தோன்றிப் பாடிய ஒரு மீனைப் பற்றியது. இளம்பெண்களின் கல்மனத்தைக் கண்டித்துப் பாடுகிறதாம் அந்த மீன். அது முன்னர் ஒரு பெண்ணாக இருந்ததாம். தன்னைக் காதலித்தவனுக்கு உடலைத் தர மறுத்ததால் குளிர்ந்த மீனாகிவிட்டதாம். ஐந்து நீதிபதிகள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள், சாட்சிகள் ஏராளம் என்று வேறு சத்தியம் செய்கிறான்.

ஷேக்ஸ்பியர் அங்கே கேலிதான் செய்கிறார். ஏப்ரல் 80ஆம் தேதியை நம்புகிறவர்கள் எதையும் நம்புவார்கள். ஆனால் கேலிக்கு அடியில் இருக்கும் கணக்கு மிகத் துல்லியமானது. ஒருவன் விரும்பினான், ஒருத்தி மறுத்தாள், அவள் மீனானாள். இங்கே மறுப்பு ஒரு செயலாகப் பார்க்கப்படவில்லை. அது அவளுடைய உடலின் குறையாக, சாபமாக மாற்றப்படுகிறது. பொய் சொல்லும் வியாபாரிக்கும் இதற்கு நீதிபதிகளின் கையொப்பம் தேவைப்படுகிறது.

அதே நாடகத்தின் முதல் அங்கத்தில் அரசன் லியோன்டிஸ் தன் மனைவி ஹெர்மையனியின்மீது சந்தேகப்படுகிறான். நெடுநாள் நண்பனை இன்னும் சில நாள் தங்கச் சொல்லும்படி அவளிடம் கேட்டவன் அவனே. அவள் அன்பாகப் பேசி அந்த நண்பனைச் சம்மதிக்க வைத்ததும், அவளிடம் சூடு அதிகம் என்று அவன் உள்ளம் கொதிக்கிறது. அவள் விசாரணைக்கு நிற்கிறாள். மகன் இறக்கிறான். 16 ஆண்டுகள் கழித்து அவள் ஒரு கற்சிலையாக நம் முன் நிறுத்தப்படுகிறாள். சூடாக இருந்ததற்காகக் கூண்டில் ஏற்றப்பட்டவள் கல்லாகத்தான் திரும்பி வர முடிந்தது. பெண்ணுக்குச் சரியான வெப்பநிலை எது என்ற கேள்விக்கு, அந்த நாடகத்தில் மட்டுமல்ல, எங்கும் விடையில்லை.

இரண்டு ஆண்டுகளில், 1613இல், இங்கிலாந்தையே பேசவைத்த ஒரு வழக்கு நடந்தது. ஃபிரான்சஸ் ஹோவர்ட் என்ற பிரபுகுலப் பெண், தன் கணவரான எசெக்ஸ் பிரபுவால் திருமணத்தை நிறைவேற்ற முடியவில்லை, அதை ரத்துசெய்ய வேண்டும் என்று கேட்டார். மற்றப் பெண்களிடம் தனக்கு இயலும், இவளிடம் மட்டும் இயலவில்லை என்பது கணவரின் நிலை. ஃபிரான்சஸ் கன்னிதானா என்று அறிய, முகத்திரையோடு அவரை நிற்கவைத்து மருத்துவச்சிகளும் மூத்த பெண்களும் உடலைச் சோதித்தார்கள். திருமணம் ரத்தானது. ஆனால் கவனியுங்கள். குறை ஆணுடையது என்று தொடங்கிய வழக்கில் சோதிக்கப்பட்டது பெண்ணின் உடல். 'இவளிடம் மட்டும்' என்ற இரண்டு சொற்களில் குளிரின் குடிபெயர்ச்சி தொடங்கிவிட்டது.

ஆணின் பக்கம் இதே காலகட்டங்களில் என்ன நடந்தது? 18ஆம் நூற்றாண்டில் அழுவது பண்பட்ட ஆணின் அடையாளமாக இருந்தது. 1771இல் வெளிவந்த ஹென்றி மெக்கன்சியின் 'தி மேன் ஆஃப் ஃபீலிங்' நாவலின் நாயகன் பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர் விடுகிறான். அன்றைய வாசகர்கள் அவனோடு சேர்ந்து அழுதார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 1886இல், அதே நாவலை மறுபதிப்புச் செய்த பதிப்பாசிரியர், கண்ணீர் வரும் இடங்களுக்கென்று ஒரு சொல்லடைவு தயாரித்து இணைத்தார். அது கேலிக்காக. இடைப்பட்ட நூற்றாண்டில் ஆணின் கண்ணீர் வெட்கக்கேடாகிவிட்டது. உலகின் பெரும்பகுதியை ஆளும் அதிகாரிகளையும் படைத்தலைவர்களையும் தயாரிக்கும் உறைவிடப் பள்ளிகள் சிறுவர்களுக்கு அழாமலிருக்கக் கற்றுக்கொடுத்தன.

'விறைத்த மேலுதடு' அந்தக் காலத்தின் கொடியானது. அழுகை வரும்போது மேலுதடு துடிக்கும், அதை இறுக்கிக்கொள் என்பது பொருள். ஆங்கிலேயருக்கே உரியதாக நாம் நினைக்கும் இந்தத் தொடரின் தொடக்ககாலப் பதிவுகள், 1815 முதல், அமெரிக்காவில் கிடைக்கின்றன. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் நூலாக வந்தது. அதில் விற்கப்பட்டுக் குடும்பத்தைப் பிரிந்து செல்லும் அடிமை டாமிடம் எஜமானரின் மகன் சொல்லும் விடைபெறும் வார்த்தை இதுதான். சொல்பவன் வீட்டில் இருக்கப்போகிறவன். கேட்பவன் மனைவியையும் குழந்தைகளையும் இழந்தவன். ஆண்களுக்குள்ளேயும் விறைப்பை யார் யாருக்குப் போதிக்கிறார்கள் என்பதை அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. ஆனாலும் அது போதனைதான். வீரத்தின் பெயரால் கேட்கப்படுவது. உணர்ச்சியை மறைப்பவனுக்கு உணர்ச்சி இருக்கிறது என்பதை அந்தத் தொடரே ஒத்துக்கொள்கிறது. பனி அரசியிடம் யாரும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

விக்டோரியா காலத்தில் பெண்ணின் குளிர்ச்சி சற்றுக் காலம் நற்பண்பாக இருந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஆக்டனின் நூல் 1857இல் முதலில் வெளியாகிப் பல பதிப்புகள் கண்டது. பெரும்பான்மையான பெண்களைக் காம உணர்வு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை என்று அவர் எழுதினார். பெண் விடுதலை எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறும் கருத்து இது. ஆக்டன் எதற்காக அதைச் சொன்னார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தாம்பத்தியக் கடமைகளை நினைத்து அஞ்சித் திருமணத்தைத் தள்ளிப்போடும் பலவீனமான இளைஞர்களுக்கு அவர் ஆறுதல் சொல்கிறார். உன் மனைவி அதிகம் கேட்க மாட்டாள், பயப்படாதே என்கிறார். திருச்சபை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக நின்ற புகார்தாரியை, எதையும் கேட்கத் தெரியாதவளாக்கி, வழக்கையே அவர் முடித்துவைத்தார்.

அடுத்த தலைமுறையில் இந்த நற்பண்பு நோயாயிற்று. 1905இல் பாலியல் பற்றிய மூன்று கட்டுரைகளை வெளியிட்ட சிக்மண்ட் ஃபிராய்ட், முதிர்ந்த பெண்ணின் இன்பம் பெண்குறிக் காம்பிலிருந்து யோனிக்கு இடம்மாற வேண்டும் என்றார். மாறாதவள் வளராதவள். அவர் வழிவந்த ஹிட்ஷ்மனும் பெர்க்லரும் எழுதிய நூல் 1936இல் ஆங்கிலத்தில் வந்தபோது வரையறை இன்னும் கறாரானது. யோனிவழி உச்சம் அடையாத பெண் ஃப்ரிஜிட். உறவை அவள் விரும்புகிறாளா, மகிழ்கிறாளா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஃபிராய்டின் நெருங்கிய சீடரான மாரி போனபார்ட், கிரேக்க இளவரசனை மணந்தவர், செல்வமும் அறிவும் நிரம்பியவர், தன் குளிர்ச்சியைக் குணப்படுத்த உறுப்பை இடம்மாற்றும் அறுவை சிகிச்சைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தன்னை உட்படுத்திக்கொண்டார். பலன் கிட்டவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருந்துவதற்காகப் பெண்ணுடல் கத்தியின் கீழ் படுத்த வரலாறு அது.

இந்த மாற்றம் நடந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய காலம். திருமணம் வேண்டாம் என்று முடிவுசெய்து, ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் தனித்து வாழ்ந்த பெண்கள் கண்ணில் படத் தொடங்கிய காலம். இந்த வரலாற்றை 1985இல் எழுதிய ஷீலா ஜெஃப்ரிஸ், அத்தகைய பெண்களை மடக்கக் கிடைத்த ஆயுதமாகவே ஃப்ரிஜிட் என்ற முத்திரை பயன்பட்டது என்று வாதிட்டார். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பதில்லை. ஆனால் கேட்பவளைக் கேட்காதவளாகவும், மறுப்பவளை நோயாளியாகவும் ஆக்கிய அந்தக் கைத்திறனை அவர் சரியாகவே காட்டினார். ஆன் கோட் 1968இல் எழுதத் தொடங்கி 1970இல் விரிவாக வெளியிட்ட கட்டுரை இன்னும் நேரடியானது. ஆணின் இன்பத்துக்கு ஏற்றதை அளவுகோலாக வைத்துவிட்டு, அதில் தேறாத பெண்ணைக் குளிர்ந்தவள் என்கிறார்கள், அளவுகோலை மாற்றுங்கள் என்றார் அவர். ஏழு நூற்றாண்டுக்கு முன் மனைவி கொண்டுவந்த புகாரை மீண்டும் மேசையில் வைத்த கை அது.

படுக்கையறையில் தொடங்கிய குளிர் தொட்டிலுக்கு நகர்ந்ததுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனித்த நிலையாக அடையாளம் காட்டியது. பிறவியிலேயே அமைந்த ஒன்று என்று அதில் அவர் கருதினார். ஆனால் பெற்றோரைப் பற்றியும் எழுதினார். 11 தாய்மார்களில் 9 பேர் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் என்று குறித்தார். மனம் கனிந்த பெற்றோர் மிகக் குறைவு என்றார். பெற்றோர் குழந்தையைப் பற்றி நுணுக்கமாக எழுதிக்கொண்டுவந்த நாட்குறிப்புகளைத்தான் அவர் தன் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அதே நாட்குறிப்புகளையே அவர்களுடைய இயல்பு மீறிய பிடிவாதத்துக்குச் சான்றாகவும் காட்டினார். குழந்தையின் ஒவ்வொரு சொல்லையும் தேதி போட்டு எழுதிவைத்த கவனிப்பு, அன்பின்மையின் பக்கத்தில் வரவு வைக்கப்பட்டது.

1949இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் அந்த உவமை வந்தது. பனி உருகாத குளிர்பெட்டிக்குள் ஒழுங்காக வைக்கப்பட்டவர்கள் போல இந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள் என்றார். போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் ஃப்ரிட்ஜ் வேகமாகப் பரவிய காலம் அது. உள்ளே படியும் பனியை அவ்வப்போது கையால் உருக்கித் துடைக்க வேண்டும். துடைத்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய சமையலறையிலிருந்தே பொருளை எடுத்து அவளுக்குப் பெயராக வைத்தார்கள். 'ரெஃப்ரிஜிரேட்டர் மதர்', குளிர்பெட்டித் தாய். கானர் தந்தையரையும் சேர்த்தே சொல்லியிருந்தார். பெயர் மட்டும் தாய்க்கு ஒட்டியது.

சிகாகோவில் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம், 1967இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். நாஜி முகாம்களில் அடைபட்டிருந்தவர் அவர். அந்த முகாமில் கைதி இருந்த நிலையோடு இந்தக் குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். அப்படியானால் தாய் யார்? காவலாளி. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் குழந்தையின் நிலைக்குத் தங்கள் மனத்தின் குளிரே காரணம் என்று நம்பி, சிகிச்சைக்குப் போனார்கள். எப்போது அந்தக் குழந்தையை நேசிக்காமல் இருந்தோம் என்று நினைவைத் துருவினார்கள். 2002இல் இந்தத் தாய்மார்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் ஒரு கறுப்பினத் தாய், தனக்கு அந்தப் பெயர்கூடப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறார். குளிர்பெட்டித் தாய் என்றால் படித்த, வெள்ளை, நடுத்தர வர்க்கப் பெண். இவர் அப்படி இல்லாததால் இவருடைய பிள்ளைக்கு ஆட்டிசமே இருக்க முடியாது என்றார்களாம். வசைக்கும் வர்க்கம் இருக்கிறது, நிறம் இருக்கிறது.

இதை உடைக்கத் தொடங்கியவர்களும் பெற்றோர்தான். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல், காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதிடும் நூலை எழுதினார். கிளாரா கிளெய்பார்ன் பார்க் தன் மகளோடு வாழ்ந்த எட்டு ஆண்டுகளை 1967இல் எழுதினார். பெட்டல்ஹெய்மின் நூல் வந்த அதே ஆண்டு அது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். அதற்கு முன்னரே 1969இல், பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசிய கானர், பெற்றோர்களாகிய உங்களை நான் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கிறேன் என்று பொருள்பட அறிவித்தார். அரங்கில் இருந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லைத் திரும்பப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. விடுவிப்பு என்பது நீதிமன்றச் சொல். அவர்களைக் கூண்டில் ஏற்றியது யார்? இருபது ஆண்டு விசாரணைக்கு எந்தப் புகாரும் எந்தச் சாட்சியமும் இல்லை. ஓர் உவமை மட்டும்தான் இருந்தது.

அந்த உவமை இன்னும் சாகவில்லை. நம் ஊரிலும் பேச்சு தாமதமாகும் குழந்தையின் தாயிடம், "நீ வேலைக்குப் போயிடுற, பிள்ளைகிட்ட யார் பேசுறது?" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கானரைத் தெரியாது. தெரிந்திருக்கத் தேவையும் இல்லை.

குளிரைக் குற்றமாக்குகிற உலகம் வெப்பத்தைக் கூலியாகவும் கேட்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு தொழில்களை அருகருகே வைத்தார். ஒன்று, பயணிகளிடம் மனதாரச் சிரிக்கப் பயிற்சி பெறும் விமானப் பணிப்பெண்களின் வேலை. இன்னொன்று, கடன்காரர்களை மிரட்டிப் பணம் வசூலிப்பவர்களின் வேலை. முதல் வேலையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள், இரண்டாவதில் ஆண்கள். ஒருவருக்குச் சூட்டுக்குச் சம்பளம், இன்னொருவருக்குக் குளிருக்குச் சம்பளம். அன்பாக நடந்துகொள்வதும் உழைப்புதான் என்று நாம் பேச அந்த ஆய்வு ஒரு சொல்லைத் தந்தது. உழைப்பு என்றால் அதற்கு வேலைநேரம் உண்டு, களைப்பு உண்டு, விடுப்பும் உண்டு. நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவள் பனி அரசி அல்ல. வேலை முடிந்து வந்தவள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் மனத்தளவில் விலகி நிற்பவர்களே கிடையாதா, அவர்களால் யாரும் துன்பப்படுவதில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். இருபது ஆண்டுகளாக மனைவியின் முகம் பார்த்துப் பேசாத கணவன் இருக்கிறான். மகளைத் தொட்டு ஆறுதல் சொல்லத் தெரியாத தாயும் இருக்கிறாள். அந்தத் துன்பம் கற்பிதம் அல்ல. ஆனால் அதைச் சொல்ல நமக்கு வேண்டியது வெப்பமானி அல்ல. பேசவில்லை, கேட்கவில்லை, வரவில்லை, நான் அழுதபோது அறையைவிட்டுப் போனார் என்று வினைச்சொற்களால் சொல்லலாம். வினைச்சொல்லுக்கு நேரம் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. அதற்குப் பதில் சொல்ல முடியும், மாறவும் முடியும். யார்க் நகர மனைவி மூன்று ஆண்டுகள் என்று கணக்குச் சொன்னாள். அது நியாயமான புகார். நீ மீன் என்பதற்கு யார் என்ன பதில் சொல்வது?

ஆகவே உங்களையோ உங்கள் தாயையோ தோழியையோ குறித்து இப்படி ஒரு சொல் வந்து விழும்போது, அது எந்த மொழியில் விழுந்தாலும், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். புகார் சொல்பவர் யார்? அவருக்குக் கிடைக்காதது என்ன? அது அவருக்குத் தர வேண்டியதுதானா? தர வேண்டியது என்றால் பேசித் தீர்க்கலாம். தர வேண்டியதே இல்லை என்றால், கடற்கரையில் நின்று பாடும் அந்த மீனின் கதையை ஏப்ரல் 80ஆம் தேதிக் கணக்கில் எழுதிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம்.